உதவி தரும் நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அமைதி வந்துவிடுமா?

ஓடக்கரை:

போர் நடக்கும் நாடுகளுக்கும் போர் ஓய்ந்த நாடுகளுக்கும் போகிற உதவியைப் பற்றி யாராவது ஓர் இழை தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் தொடங்கவில்லை, நானே தொடங்கிவிட்டேன்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலையில் அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பே மூடப்பட்டு, மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குப் போனது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஜெர்மனியும் பிரான்சும் கையைச் சுருக்கிவிட்டன. அன்று முதல் எங்கே பார்த்தாலும் ஒரே பல்லவி: பணம் குறைந்துவிட்டது, ஆகவே எல்லோரும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்.

ஒருங்கிணைப்பு என்ன புது மருந்தா? 1991-லேயே ஐ.நா. பொதுச்சபை 46/182 தீர்மானத்தின் மூலம் அவசர நிவாரணத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் பதவியை உருவாக்கியது. 2005-இல் உதவியின் பயன்திறன் பற்றிய பாரிஸ் பிரகடனம். அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் அமைதிக் கட்டுமான ஆணைக்குழு. பிறகு 2008 அக்ரா, 2011 பூசான், 2016 இஸ்தான்புல் மாநாடுகள். 2019-இல், நிவாரணம், வளர்ச்சி, அமைதி மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கொடை நாடுகள் குழு பரிந்துரைத்தது. ஒவ்வொரு முறையும் இனிமேல் பழையபடி இருக்காது என்றார்கள். அடுத்த மாநாட்டில் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருங்கிணைப்பு இல்லாததுதான் நோயா, அல்லது கொடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறுவேறு காரியம் இருக்கிறதா? களத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். செய்தித்தாள் படித்துவிட்டு எழுதுபவர்களும் சொல்லலாம், நானும் அந்த ரகம்தான்.


பேரேடு:

ஓடக்கரை, நான் ஒரு நிவாரண நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன். நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் வேண்டாம். ஒரே ஒரு சுகாதார நிலையத்தை மட்டும் காட்டுகிறேன்.

கட்டடத்துக்கு ஒரு நாடு பணம் தந்தது. மருந்துக்கு இன்னொன்று. செவிலியர் சம்பளத்தை மூன்று கொடையாளர்கள் பங்கிட்டார்கள். ஒரே ஆளின் மாதச் சம்பளம் எங்கள் பதிவேட்டில் மூன்று துண்டாக எழுதப்பட்டிருக்கும். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்று அந்த அம்மையாரே படிவம் நிரப்ப வேண்டும். வெளியே வரிசையில் குழந்தைகள் நிற்க, அவர் உள்ளே உட்கார்ந்து சதவீதம் கூட்டிக்கொண்டிருப்பார். வாசலில் நிற்கும் வண்டி ஊட்டச்சத்துத் திட்டத்தின் பணத்தில் வாங்கியது. அதில் தடுப்பூசிப் பெட்டியை ஏற்றினால் பயணப் பதிவேட்டில் அதற்குத் தனியாக விளக்கம் எழுத வேண்டும். தணிக்கையாளர்கள் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

இத்தனைக்கும் அந்த நாடுகளின் பிரதிநிதிகள் தலைநகரில் மாதந்தவறாமல் கூடுவார்கள். நல்ல நண்பர்கள். ஆனால் அவர்கள் பணத்துக்கு எஜமான் அந்த அறையில் இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் அவரவர் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, அமெரிக்காவுக்குச் செப்டம்பரில், ஜெர்மனிக்கு டிசம்பரில். ஆகவே எங்களுக்கு மார்ச்சில் ஓர் அவசரம், செப்டம்பரில் ஓர் அவசரம், டிசம்பரில் ஓர் அவசரம். மழைக்காலம் எப்போது என்று யாரும் கேட்டதில்லை.

ஒருங்கிணைப்பு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: பணம் ஒரே நிதியில் விழ வேண்டும், ஒரே அறிக்கை, ஒரே தணிக்கை. 2002-இல் உலக வங்கியின் நிர்வாகத்தில் தொடங்கிய ஆப்கானிஸ்தான் மீள்கட்டுமான நிதி அப்படிப்பட்டதுதான். அதிலிருந்துதான் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சம்பளம் போனது. அதிலும்கூடக் கொடை நாடுகள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை இன்ன திட்டத்துக்கென்று குறித்துக் கொடுத்தன. அந்த நிதிக்கு வெளியே ஓடிய பணம் அதைவிடப் பல மடங்கு.


நெய்தல்:

பேரேடு சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. பொதுநிதி வைத்து, கொடையாளர் எல்லோரும் ஒரே குரலில் பேசிய இடத்திலும் கதை கந்தலாகியிருக்கிறது. நம்மில் பலருக்கு அது நேரடியாகத் தெரியும்.

2003 ஜூன் 9, 10 தேதிகளில் டோக்கியோ மாநாடு நடந்தது. 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் வந்தன. இலங்கைக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 450 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தன. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், நார்வே ஆகிய நான்கும் இணைத்தலைமை நாடுகள். ஈழத் தமிழ்ப் பத்திரிகைகளை அந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறந்திருக்காது. சமாதான முயற்சியில் கணிசமான முன்னேற்றம் தெரிய வேண்டும், உதவி அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்று பிரகடனத்திலேயே எழுதினார்கள். ஒரே மேசை, ஒரே தொகை, ஒரே நிபந்தனை. ஒருங்கிணைப்புக்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு கிடைக்காது.

மேசையின் மறுபக்க நாற்காலி மட்டும் காலி. டோக்கியோவுக்கு முன்னேற்பாடாக அந்த ஏப்ரலில் ஒரு கூட்டத்தை வாஷிங்டனில் வைத்தார்கள். விடுதலைப் புலிகள் அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட அமைப்பு, அவர்கள் அங்கே போக முடியாது. கூட்டம் வைத்தவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21-இல், பேச்சுவார்த்தையில் பங்கேற்பதை இடைநிறுத்துவதாகப் புலிகள் அறிவித்தார்கள். ஜூனில் டோக்கியோவுக்கும் வரவில்லை. வடகிழக்கில் இயல்பு வாழ்க்கை திரும்பவில்லை என்பது உள்ளிட்ட வேறு காரணங்களையும் சொன்னார்கள். வாஷிங்டன் வெறும் சாக்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. சாக்காகவே இருக்கட்டும். அதை எடுத்துக் கையில் கொடுத்தது யார்?

அதற்கு முன்பே அரசும் புலிகளும் சேர்ந்து 'சிரான்' என்ற துணைக்குழுவை அமைத்திருந்தார்கள். வடகிழக்கின் உடனடித் தேவைகளை இரு தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்வது, அதற்கான நிதிக்கு உலக வங்கி பாதுகாவலராக இருப்பது என்பது ஏற்பாடு. என்னைக் கேட்டால், 450 கோடி டாலரைவிட இந்தச் சிறிய குழுதான் முக்கியம். எதிரெதிர் தரப்பு ஆட்கள் ஒரு குளத்தைத் திருத்துவதா, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா என்று சேர்ந்து முடிவெடுப்பது அங்கேதான் நடந்திருக்கும். பேச்சுவார்த்தை நின்றதும் அதுவும் படுத்துவிட்டது.

நிபந்தனை என்ன ஆனது? இலங்கைக்கு வந்த உதவியில் பெரும்பங்கு ஜப்பான், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகிய மூன்றிடமிருந்தும் வந்தது. அரசியல் காரணம் காட்டிக் கடனை நிறுத்துவது இவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். நிபந்தனையைப் பற்றி உரக்கப் பேசிய ஐரோப்பிய நாடுகளின் தொகை சிறியது. கொழும்பில் இருந்தவர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபின் பணம் நிபந்தனை பார்க்காமல் கொட்டியது. அதைப் பகிர்ந்துகொள்ள 2005 ஜூன் 24-இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே பொதுக்கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அதை எதிர்த்துக் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசிலிருந்தே வெளியேறியிருந்தது. ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தோடு சரி.


ஓடக்கரை:

நெய்தல், அப்படியானால் நிபந்தனையே கூடாது என்கிறீர்களா? எதையும் கேட்காமல் கொடுத்தால் அந்தப் பணம் போரை நடத்துபவருக்கே போய்ச் சேரும் அல்லவா?


நெய்தல்:

கூடாது என்று சொல்லவில்லை. நிறுத்திவைக்கும் துணிவும், நிறுத்தினால் வலிக்கும் அளவுக்குத் தொகையும் இருப்பவர்தான் நிபந்தனை போட வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருக்கவில்லை. வேறு கடைகள் திறந்தபின் அதுவும் செல்லாது. 2007-க்குப் பிறகு அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீனாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி கடன் தந்தபோது டோக்கியோ பிரகடனத்தை யார் நினைத்துப் பார்த்தார்கள்?


கலகம்:

இவ்வளவு நீட்டி முழக்குவானேன்? உதவி என்பதே பழைய எஜமானர்களின் புதிய சாட்டை. ஆயுதம் விற்பவனும் அவன், கட்டுப் போடுபவனும் அவன். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அந்தந்த நாட்டு மக்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.


மட்டுறுத்துநர்:

கலகம், கருத்துக்குத் தடையில்லை. ஓர் எடுத்துக்காட்டோடு எழுதினால் மற்றவர்கள் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.


கலகம்:

எடுத்துக்காட்டுதானே? லைபீரியா, 2005 செப்டம்பர். உள்நாட்டுப் போர் முடிந்து இடைக்கால அரசு இருந்த சமயம். கொடையாளர்கள் எல்லோரும் உங்கள் ஆசைப்படியே ஒன்றுகூடி ஆட்சி, பொருளாதார மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முக்கிய அரசு நிறுவனங்களில் வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டாளர் உட்காருவார். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த நாட்டின் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாது. துறைமுகம், விமான நிலையம், எண்ணெய் இறக்குமதி எல்லாம் இதில் அடக்கம். ஒரு சுதந்திர நாட்டின் காசோலைக்கு வெளிநாட்டவர் இணைக் கையெழுத்து! கொடையாளர் ஒன்றுகூடினால் இதுதான் நடக்கும். அவர்கள் பிரிந்து கிடப்பதே ஏழை நாட்டுக்குப் பாதுகாப்பு.


பேரேடு:

கலகம், உங்கள் கடைசி வாக்கியத்தில் விஷயம் இருக்கிறது. கொடையாளர்கள் பிரிந்து நின்றால் வாங்குபவருக்குப் பேரம் பேச இடம் கிடைக்கும், அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் லைபீரியாவில் அந்த இணைக் கையெழுத்து யாருடைய கையைக் கட்டியது? இடைக்கால அரசில் இருந்தவர்கள் கஜானாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது. 2006 ஜனவரியில் பதவியேற்ற எல்லன் ஜான்சன் சர்லீஃப் அதைக் கிழித்தெறியவில்லை, வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். இறையாண்மை என்ற கொடியை எல்லா நேரமும் மக்கள்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கஜானாச் சாவி வைத்திருப்பவரும் அதைப் பிடிப்பார்.


செங்கல்:

கொடை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைப்பு என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே ஐ.நா. குடும்பத்து அமைப்புகளே ஒன்றுக்கொன்று குழி பறித்த கதை ஒன்று உண்டு.

எல் சால்வடோர். 12 ஆண்டு உள்நாட்டுப் போரை முடித்து 1992 ஜனவரியில் சாபுல்தெபெக்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐ.நா. நடத்திய பேச்சுவார்த்தை. ஒப்பந்தப்படி புதிதாக ஒரு சிவில் போலீஸ் படை அமைக்க வேண்டும், ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்கு நிலம் வழங்க வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். அதே நேரம் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் ஒப்புக்கொண்ட பொருளாதாரத் திட்டம் அரசின் செலவைக் குறைக்கச் சொன்னது. பற்றாக்குறையைக் கட்டுப்படுத்தினால் போலீஸ் படை தள்ளிப்போகும். போலீஸ் படை தள்ளிப்போனால் கெரில்லாக்கள் ஆயுதத்தை ஒப்படைக்கத் தயங்குவார்கள்.

அந்தப் பேச்சுவார்த்தையை நடத்திய ஆல்வரோ டி சோட்டோவும் பொருளியலாளர் கிராசியானா டெல் காஸ்டியோவும் 1994-இல் இதைப் பற்றி எழுதினார்கள். அறுவை மேசையில் படுத்திருக்கும் நோயாளியின் உடலுக்கு நடுவே திரை கட்டி, இடப்பக்கம் ஒரு மருத்துவர் குழு, வலப்பக்கம் இன்னொரு குழு, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் வெட்டுகிறார்கள் என்று அவர்கள் அதை வருணித்தார்கள். இரண்டு குழுவுமே திறமையானவை என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே ஓடக்கரை கேட்டதற்கு என் பதில்: தூதர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தார்களா என்று பார்க்காதீர்கள். நிதியமைச்சரோடு பேசுபவரும் தளபதியோடு பேசுபவரும் ஒருவரையொருவர் சந்தித்தார்களா என்று பாருங்கள்.


வரம்பு:

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. நெய்தல் சொன்ன காலி நாற்காலிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது.

2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. மனிதாபிமானச் சட்டத் திட்டம் என்ற அமைப்பும் வேறு சிலரும் தொடுத்த வழக்கு. குர்து தொழிலாளர் கட்சி, விடுதலைப் புலிகள் ஆகிய இரு தடை செய்யப்பட்ட அமைப்புகள் தொடர்பானது. சச்சரவுகளைச் சர்வதேசச் சட்டத்தின் வழியாக அமைதியாகத் தீர்த்துக்கொள்வது எப்படி, ஐ.நா.விடம் முறையிடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கலாமா என்பது கேள்வி. கூடாது, அதுவும் பயங்கரவாதத்துக்குச் செய்யும் 'பொருள் உதவி'யே என்றது நீதிமன்றம். துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேசு என்று பயிற்சி கொடுப்பவருக்கும் சிறை காத்திருக்கிறது என்று பொருள்.

இதன் விளைவு நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. சந்தேகம் வந்தாலே பணப் பரிமாற்றத்தை மறுக்க வங்கிகள் பழகிக்கொண்டன. ஆயுதக் குழு பிடித்துவைத்திருக்கும் பகுதியில் சாலை போட்டால், சோதனைச் சாவடியில் கட்டும் வரிகூடக் குற்றமாகுமா என்று நிறுவனங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. 2022 டிசம்பர் 9-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 2664 தீர்மானத்தின் மூலம் தன் சொத்து முடக்கத் தடைகளில் மனிதாபிமான உதவிக்கும் மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கும் விலக்கு அளித்தது. பெரிய முன்னேற்றம்தான், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அமைதிப் பணி என்று அதில் ஒரு சொல் இல்லை. சோறு போடலாம். சண்டையை நிறுத்துவது எப்படி என்று அவர்களோடு உட்கார்ந்து பேசினால் அதற்கு விலக்கு உண்டா என்று மறுபடியும் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

நிவாரணம், வளர்ச்சி, அமைதி மூன்றையும் இணைக்கச் சொல்லும் அதே அரசுகள்தான் மூன்றாவதைச் சட்டத்தால் பூட்டிவைத்திருக்கின்றன.


தூரத்துப்பச்சை:

மூன்றையும் இணைப்பது நல்லது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டே பேசுகிறீர்கள். நான் ஏற்கவில்லை. நிவாரணத்தில் காலம் தள்ளியவள் என்ற முறையில் சொல்கிறேன், இணைப்பு எங்கள் உயிருக்கே உலை வைத்திருக்கிறது.

ஆப்கானிஸ்தானில் மாகாண மீள்கட்டுமானக் குழுக்கள் என்று வைத்திருந்தார்கள். சீருடை அணிந்தவர்களே கிணறு வெட்டினார்கள், பள்ளி கட்டினார்கள். பாதுகாப்பும் வளர்ச்சியும் இணைந்த மாதிரி என்று அதைப் பாராட்டாத அறிக்கை கிடையாது. கிராமத்தாருக்கு யார் படைவீரர், யார் நிவாரணப் பணியாளர் என்ற வேறுபாடு போய்விட்டது. 2004 ஜூனில் பாட்கிஸ் மாகாணத்தில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பைச் சேர்ந்த ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே அந்த அமைப்பு ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. 2016 இஸ்தான்புல் உச்சி மாநாட்டிலிருந்தும் அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

ஆனால் தனித்து நிற்பதிலும் எனக்கு நிம்மதி இல்லை. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஜைர் (இன்றைய காங்கோ) நாட்டின் கோமா நகருக்குச் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். காலராவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். நிவாரண அமைப்புகள் ஓடியாடி அதை அடக்கினார்கள், அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் முகாம்களை ஆண்டது இனப்படுகொலை செய்தவர்கள். உணவுப் பங்கீடு அவர்கள் கை வழியாகவே போனது. காவலுக்குச் சர்வதேசப் படை அனுப்ப நாடுகள் முன்வரவில்லை. கடைசியில் அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் ஜைர் நாட்டு வீரர்களுக்கே பணம் கொடுத்துக் காவல் போட்டது. எல்லையற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுப் பிரிவு நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. அரசியல் தீர்வுக்குப் பதிலாக நிவாரணத்தை வைக்க முடியாது என்று அந்த உதவிப் பணிகளைப் பற்றி 1996-இல் வந்த கூட்டு மதிப்பீடு சொன்னது. அன்றும் கூட்டங்களுக்குக் குறைவில்லை.

கூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது துறைவாரிக் குழுக்கள் என்ற முறை முதன்முதலாக வந்தது. தண்ணீருக்கு ஒரு குழு, உறைவிடத்துக்கு ஒரு குழு, இப்படி. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். நான் வேலை பார்த்த ஒரு நாட்டில் வாராவாரம் அந்தக் கூட்டம். பாதி நேரம் அறிமுகத்தில் போய்விடும், வெளிநாட்டவர் மாறிக்கொண்டே இருப்பார்களே. மொழி ஆங்கிலம். உள்ளூர் அமைப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் கையை உயர்த்தினார். "இறுதியில் இதர விஷயங்களில் எடுத்துக்கொள்வோம்" என்றார் தலைவர். இதர விஷயங்களுக்கு நேரம் இருக்கவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார், வடக்குச் சாலையை முந்தின இரவு ஓர் ஆயுதக் குழு பிடித்துவிட்டதாம். நான் உடனே உள்ளே போய்ச் சொன்னேன். உறுதிப்படுத்தப்படாத தகவல் என்றார்கள். மறுநாள் அரிசி லாரிகள் அந்தச் சாலையில் போய்ப் பாதியில் திரும்பி வந்தன. அந்த வார அட்டவணையில் அந்தப் பகுதிக்கு உணவு 'திட்டமிடப்பட்டுள்ளது' என்று பச்சை நிறம்.


வரம்பு:

பச்சை அக்கா, இஸ்தான்புல்லில் உள்ளூர் அமைப்புகளுக்கு 25 சதவீதம் என்று ஒப்புக்கொண்டார்களே?


தூரத்துப்பச்சை:

ஒப்புக்கொண்டார்கள், 2020-க்குள் என்று. இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கால் பங்கு. அந்த ஆண்டு வந்தது, போனது. நேரடியாகப் போய்ச் சேர்ந்தது ஒற்றை இலக்கச் சதவீதம்தான். உள்ளூர் அமைப்புக்குத் தணிக்கைத் திறன் போதாது என்பது வழக்கமான காரணம்.

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் போர் வெடித்ததும் சர்வதேச ஊழியர்கள் பெரும்பாலும் வெளியேறினார்கள். அந்தந்தத் தெரு இளைஞர்கள் அவசர உதவி அறைகள் என்று தொடங்கி, பொதுச் சமையற்கூடம் நடத்தினார்கள், காயம்பட்டவர்களை அப்புறப்படுத்தினார்கள், தண்ணீர்க் குழாயைச் சரி செய்தார்கள். பதிவுச் சான்றிதழோ கணக்காளரோ அலுவலகமோ அவர்களுக்கு இல்லை. பெரிய கொடையாளர்கள் அவர்களுக்கு எப்படிப் பணம் தருவது என்று நெடுநாள் யோசித்தார்கள். கடைசியில் வந்த பணத்திலும் பெரும்பகுதி அமெரிக்கப் பணம். 2025-இல் அது நின்றதும் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. கலகத்துக்கு இது பதிலாகும் என்று நினைக்கிறேன். மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், மக்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அரிசி வாங்கக் காசு வேண்டியிருந்தது.


கலகம்:

பதில்தான். ஆனாலும் ஒரே நாட்டின் பணத்தை நம்பி இத்தனை அடுப்புகளை எரியவிட்டது யார் குற்றம் என்ற கேள்வி இருக்கிறது.


ஓடக்கரை:

இதுவரை எல்லாம் தோல்விக் கதைகளாகவே வருகின்றன. உருப்பட்ட இடமே கிடையாதா?


செங்கல்:

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன்.

2004 சுனாமிக்குப் பின் 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் சுதந்திர ஆச்சே இயக்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நடுவர் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி. இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது, ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகள் ஐந்தும் அனுப்பிய கண்காணிப்புக் குழு அவற்றை எண்ணி வாங்கி அழித்தது. இயற்கை வள வருவாயில் 70 சதவீதம் ஆச்சேக்கு என்று எழுதப்பட்டது. மீள்கட்டுமானத்துக்குக் குந்தோரோ மங்குசுப்ரோத்தோ தலைமையில் தனி முகமை வைத்தார்கள். கொடையாளர் 15 பேர் சேர்ந்து உலக வங்கியிடம் சுமார் 65 கோடி டாலர் பொதுநிதி வைத்தார்கள். நெய்தல் சொன்ன இலங்கைக் கதையில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. ஒப்பந்தம் முதலில் இரு தரப்புக்குள் முடிந்தது, கொடையாளர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஊர்களில் புது வீடுகள் எழும்பின. மலைப்பக்கம், போரில் எரிந்த ஊர்களுக்கு வேறு முகமை, வேறு நிதி, அதுவும் சொற்பம். சுனாமிக்கென்று திரட்டிய பணத்தைப் போரில் வீடிழந்தவருக்குக் கொடுக்கப் பெரும்பாலான கொடையாளர்களின் விதி இடம் கொடுக்கவில்லை. கடல் கொண்டுபோன வீட்டுக்கு ஒரு கோப்பு, தீ கொண்டுபோன வீட்டுக்கு வேறு கோப்பு.


பேரேடு:

செங்கல் சொன்னதை ஒட்டி, வாங்குபவர்களே முன்கை எடுத்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 2010-இல் கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் போரால் பாதிக்கப்பட்ட நாடுகள் சேர்ந்து ஜி7+ என்ற குழுவை அமைத்தன. அந்நாட்டு நிதியமைச்சர் எமிலியா பிரெஸ் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டு பூசானில் ஒரு புதிய உடன்பாட்டைக் கொடையாளர்களிடம் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒரு நாடு, அந்த நாடு எழுதிய ஒரே திட்டம், எல்லாப் பணமும் அதன்படி. முறையான அரசியல், பாதுகாப்பு, நீதி, பொருளாதார அடித்தளம், வருவாயும் சேவைகளும் என்று ஐந்து இலக்குகள். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் ஒரே பேரேடுதான்.


நெய்தல்:

பேரேடு ஐயா, நாடு எழுதிய திட்டம் என்றால் அரசு எழுதிய திட்டம். அரசே போரில் ஒரு தரப்பாக இருக்கும்போது?

2008 செப்டம்பரில் இலங்கையின் போர்ப்பகுதியான வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்கள் வெளியேறினார்கள். அடுத்த எட்டு மாதங்களில் நடந்ததை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. 2012 நவம்பரில் ஐ.நா.வே நியமித்த உள்ளக ஆய்வுக்குழு, சார்ல்ஸ் பெட்ரி தலைமையில், தன் அறிக்கையைத் தந்தது. அமைப்பு முழுவதுமே தோற்றது என்பது அதன் முடிவு. அதைப் படித்தால் ஓர் உண்மை புரியும். அரசோடு நல்லுறவு கெடக்கூடாது, உதவி போய்ச் சேர வழி அடைபடக்கூடாது என்ற கவலையில், உயிரிழப்புகளைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசுவதைத் தவிர்த்தார்கள். நீண்டகால வளர்ச்சித் திட்டத்தை நடத்தும் அதிகாரிதான் போர் நடக்கும்போதும் தலைமை அதிகாரி. அரசோடு கைகோத்து வேலை செய்து பழகியவரைத் திடீரென்று அதே அரசைக் கண்டிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒருங்கிணைப்பு அதிகமாக இருந்ததால் வந்த மௌனம் என்றே நான் இதைப் படிக்கிறேன்.


பேரேடு:

இதற்கு என்னிடம் நேரடிப் பதில் இல்லை. பணத்தை அரசின் திட்டத்தோடு இணைக்கலாம், கண்காணிக்கும் வாயை இணைக்கக்கூடாது என்று வேண்டுமானால் சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே ஆளை வைப்பதில்தான் வில்லங்கம்.

நான் கேட்பது சின்ன விஷயம். வாக்குறுதித் தொகையை அறிவிக்கும்போது கைதட்டுகிறார்கள் அல்லவா, அதோடு ஒரு தேதியையும் அறிவிக்கட்டும்: முதல் தவணை எந்த மாவட்டத்துக்கு எந்த நாளில் போய்ச் சேரும் என்று. சூடானின் வடக்கு, தெற்குப் போரை முடித்த 2005 ஒப்பந்தத்துக்குப் பின் தெற்கு சூடானுக்கு உலக வங்கி நிர்வகித்த பொதுநிதி ஒன்று இருந்தது. ஒருங்கிணைப்பில் குறை கிடையாது, பணம் வெளியே வருவதற்குள்தான் ஜனங்கள் நம்பிக்கை இழந்தார்கள். கொள்முதல் விதிகள் அமைதியான நாட்டுக்கு எழுதப்பட்டவை. 2008-இல் அக்ராவில் உதவி வெளிப்படைத்தன்மை முயற்சி என்று தொடங்கி, யார் எவ்வளவு தருகிறார்கள் என்று பொதுவில் வெளியிடச் செய்தார்கள். அதை மாவட்ட அளவுக்கு, பெறும் அமைப்பின் பெயர் வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.


தூரத்துப்பச்சை:

பெயர் வரைக்கும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, அமெரிக்க அரசே தன் இணையதளங்களிலிருந்து ஆப்கன் கூட்டாளிகளின் பெயர்களையும் படங்களையும் அவசர அவசரமாக அழிக்கச் சொன்னது. வெளிப்படைத்தன்மை என்று நாம் போட்ட பட்டியல் வேறொருவர் கையில் தேடுதல் பட்டியலாகிவிடும்.


பேரேடு:

சரி, பெயர் வேண்டாம். மாவட்டமும் தேதியும் தொகையும் போடலாமா?


தூரத்துப்பச்சை:

சிறிய மாவட்டமாக இருந்தால் அதுவும் பெயரைச் சொன்ன மாதிரிதான். அங்கே வேலை செய்வது ஒரே ஓர் அமைப்பாக இருக்கும். மாகாண அளவில் தொகை, தேதி போடுங்கள். மாவட்டக் கணக்கை அந்த ஊர்க்காரர்கள் கேட்டால் காட்டுங்கள், தலைநகரில் கேட்பவருக்கு வேண்டாம்.


பேரேடு:

ஊர்க்காரர் கேட்டால் யார் காட்டுவது, எந்த மொழியில்? அதற்கும் ஓர் ஆளும் சம்பளமும் வேண்டும். எந்தக் கொடையாளரின் கணக்கில் அதை எழுதுவது என்று இப்போதே எனக்கு யோசனை ஓடுகிறது.